கச்சான் என்றால் காற்றா, கடலையா? செயற்கை நுண்ணறிவின் உலக ஆளுகை பற்றிய கேள்வி பதில்

திருகோணமலை நகரிலிருந்து ஓர் அரச உத்தியோகத்தர்: செயற்கை நுண்ணறிவையும் உள்ளடக்கிய, ஐக்கிய நாடுகள் சபையின் உலகளாவிய டிஜிட்டல் உடன்பாடு இலங்கையைக் கட்டுப்படுத்துமா?

பதில்: சட்டமாகக் கட்டுப்படுத்தாது. 2024 செப்டம்பர் 22 அன்று நியூயோர்க்கில் உறுப்பு நாடுகள் அதனை ஏற்றுக்கொண்டன. அது அரசுகள் ஒன்றுக்கொன்று அளித்த வாக்குறுதி. ஆயினும் எல்லாப் பாடசாலைகளையும் மருத்துவமனைகளையும் இணையத்தோடு இணைப்பதாக அதில் எழுதியிருப்பதால், அந்த வரியை எடுத்துக்காட்டி நம் கிராமத்துப் பாடசாலையின் நிலையைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

மூதூரிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, செயற்கை நுண்ணறிவை எப்படி நெறிப்படுத்துவது என்று வல்லரசுகள் பேசி முடிக்கும் விடயத்தில் சிறிய நாடுகளுக்கு என்ன இடம்?

பதில்: இதுவரை மிகச் சிறிய இடமே இருந்தது. செயற்கை நுண்ணறிவு பற்றி ஐ.நா. அமைத்த உயர்மட்ட ஆலோசனைக் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, ஐ.நா.வுக்கு வெளியே உருவான முக்கியமான ஏழு ஆளுகை முயற்சிகளை ஆராய்ந்து, அவை எதிலுமே சேராத நாடுகள் 118 என்றும் ஏழிலும் இடம்பெற்றவை 7 மட்டுமே என்றும் கூறியது. அந்தக் குறையை ஓரளவேனும் நீக்கவே, 2025 ஆகஸ்டில் பொதுச்சபை 40 பேர் கொண்ட சுயாதீன அறிவியல் குழுவையும், எல்லா நாடுகளும் பங்குகொள்ளும் உரையாடலையும் அமைக்கத் தீர்மானித்தது.

குச்சவெளியிலிருந்து ஒரு மீனவர்: தம்பி, கச்சான் எப்போது தொடங்கும் என்று பேரனின் தொலைபேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன். நிலக்கடலை விதைக்கும் காலத்தைச் சொன்னது. ஏன்?

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில்தான் இந்த விடயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நம் ஊரில் கச்சான் என்பது நிலக்கடலையும்தான், மேற்கிலிருந்து வீசும் காற்றும்தான். கடற்கரையில் நின்று கேட்பவர் எதைக் கேட்கிறார் என்பது நமக்கு உடனே விளங்கும். இயந்திரமோ தான் கற்ற எழுத்துகளில் அதிகம் கண்ட பொருளையே எடுத்துக்கொள்கிறது. கடல் தொழிலாளரின் பேச்சு எழுத்தில் ஏறியது மிகக் குறைவு.

செலவிலும் ஒரு வேறுபாடு உண்டு. ‘மீன்’ என்ற சொல்லைக் கணினி நான்கு குறியீடுகளாக, வழக்கமான குறியாக்கத்தில் 12 பைட்டுகளாகச் சேமிக்கிறது. அதற்குரிய ஆங்கிலச் சொல்லுக்கு 4 பைட்டுகளே போதும். எழுத்தைக் கற்றுப் பதில் எழுதும் நிரல்களான மொழி மாதிரிகள் பலவும் தமிழை ஆங்கிலத்தைவிடக் கூடுதலான துண்டுகளாக உடைப்பதால், துண்டுக் கணக்கில் கட்டணம் அறவிடும் சேவைகளில் அதே கருத்தைத் தமிழில் கேட்பவர் கூடுதலாகச் செலுத்த நேர்கிறது. ஆகவே அணுகல், அதாவது இத்தொழில்நுட்பம் எல்லோருக்கும் எட்டுவது, என்பதை இணைப்பு, கருவி என்ற அளவில் மட்டும் பேசினால் நமக்குப் போதாது. நம் பேச்சை விளங்கிக்கொள்ளாத கருவியைக் கையில் தந்துவிட்டு, அணுகல் தந்தாயிற்று என்று எந்த உலக மன்றமும் கணக்கெழுதக்கூடாது.

கிண்ணியாவிலிருந்து ஒரு வியாபாரி: என் கடன் விண்ணப்பத்தைக் கணினியே மறுத்துவிட்டது என்கிறார்கள். கேள்வி கேட்கலாமா?

பதில்: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தானியங்கி முறையில் மட்டுமே எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை வகுத்துள்ளது. அச்சட்டம் நடைமுறைக்கு வருவதில் தாமதங்கள் ஏற்பட்டன. எனினும் காரணத்தை எழுத்தில் தரும்படி இப்போதே கேளுங்கள்.

ஒரு பல்கலைக்கழக மாணவி: இங்கிருந்து நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: குச்சவெளி ஐயாவைப் போன்றவர்களிடம் காற்று, வலை, மீன் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டம் போன்ற பொது இடங்களில் அவற்றைச் சேர்க்க முடியுமா என்று விசாரியுங்கள். ஆனால் பதிவுக்கு முன், அது எதற்காக, யார் பயன்படுத்துவார்கள் என்பதைத் தமிழிலேயே எழுதி வாசித்துக் காட்டுங்கள். பின்னர் வேண்டாமென்று தோன்றினால் எப்படி நீக்கலாம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி, ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.