தீயணைப்பு நிலையத்துக்கு மருத்துவப் பொருள்: அண்ணாச்சியிடம் கேட்டவை

செங்கோட்டை, புளியரைப் பக்கத்து ஊர்க்காரர்கள் தீயணைப்பு நிலையத்துக்கு அவசர மருத்துவப் பொருள் வாங்கித் தரப் பணம் திரட்டியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றுக்கு, மருந்துக் கிடங்கு வேலையில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சியின் பதில்கள்.

அண்ணாச்சி, முதல்ல எதை வாங்கட்டும்?

முதல்ல நிலைய அலுவலரைப் பாருங்க. வண்டிப் பெட்டியில என்ன தீர்ந்திருக்கு, வீரர்களுக்கு எதுல பயிற்சி இருக்குன்னு கேளுங்க. கொடுக்கிற பொருள் இருப்புப் பதிவேட்டுல ஏறணும், அதனால கடிதத்தோட கொடுங்க. நம்ம மலைப்பாதையில லாரி மோதினா ரத்தப்போக்குதான் பெரிய ஆபத்து. காஸ் துணி, அழுத்திக் கட்டுற பேண்டேஜ், முக்கோணத் துணி, முறிஞ்ச கை கால் அசையாம வச்சுக் கட்டுற ஸ்பிளிண்ட், நைட்ரைல் கையுறை இதுகளைத் தாராளமா வாங்குங்க.

பாம்பு பிடிக்கவும் அவங்கதான் வர்றாங்க. விஷமுறிவு ஊசி வாங்கி வைக்கலாமா?

வேண்டாம்யா. அதை டாக்டர்தான் ரத்தக்குழாய் வழியா ஏத்தணும். தொடக்கத்துலயே பத்துக் குப்பி வரை தேவைப்படும். ஒவ்வாமை வந்து மூச்சு முட்டினா சமாளிக்க அட்ரினலின் பக்கத்துலயே இருக்கணும். அரசு மருத்துவமனையில இலவசமாவே போடறாங்க. கடிபட்ட கை கால் அசையாம வைக்க ஸ்பிளிண்ட், தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர் வாங்குங்க. கயிறு கட்டுறது, கீறுறது எதுவும் கூடாது.

தீக்காயத்துக்குக் களிம்பு எத்தனை டப்பா?

ஒண்ணும் வேண்டாம். டாக்டர் காயத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி களிம்பு பூசக்கூடாது. 20 நிமிஷம் ஓடுற தண்ணி பட்டாப் போதும். ஆனா வண்டித் தொட்டியில இருக்கிறது குளத்துத் தண்ணியா இருக்கலாம். அதனால 20 லிட்டர் குடிதண்ணி கேன் ரெண்டு மூணு வைங்க. அப்புறம் ஒட்டாத டிரெஸ்ஸிங், போர்த்தச் சுத்தமான விரிப்பு. குழந்தைக்குக் காயம் பெருசா இருந்தா உடம்பு குளிர்ந்துபோகாமப் பாக்கணும்.

மூச்சுக்கருவி சிலிண்டர் இருக்கே, தனியா ஆக்சிஜன் எதுக்கு?

வீரர்கள் முதுகுல மாட்டுறதுல இருக்கிறது அழுத்தின காத்து, ஆக்சிஜன் இல்ல. புகையில மயங்கினவருக்கு ஆக்சிஜனே வேணும். பி டைப் சிலிண்டர்ல சுமார் 1,500 லிட்டர் பிடிக்கும். பை வச்ச முகமூடியில நிமிஷத்துக்கு 15 லிட்டர் விட்டா 100 நிமிஷம் வரும். ரெகுலேட்டர்ல எண்ணெய், கிரீஸ் படவே கூடாது, தீப்பிடிக்கும். எங்க நிரப்புவீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்குங்க.

இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கிற ஏஇடி கருவி ஒண்ணு தர ஒருத்தர் தயாரா இருக்காரு.

நல்ல மனசு. நின்ன இதயத்துக்கு ஒவ்வொரு நிமிஷமும் உயிர். ஆனா ஒட்டுப்பட்டையும் பேட்டரியும் காலாவதியாகும். அடுத்த செட்டுக்கு யார் பணம் கட்டுறதுன்னு அவர்கிட்டயே இப்பவே பேசிருங்க.

கேரளாப் பக்கம் புனலூர்ல விலை குறைவா சொல்றாங்க, வாங்கலாமா?

தாராளமா. அங்கிருந்து அனுப்பச் சொன்னா பில்லுல, மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கான ஐஜிஎஸ்டின்னு ஒரே வரியா வரும், வரி விகிதம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். பேட்ச் எண், காலாவதித் தேதி ரெண்டும் பில்லுல இருக்கணும். ஆயுள்ல முக்கால் பங்காவது மிச்சம் இல்லாத பெட்டியைத் திருப்பி அனுப்புங்க. மலிவு விலையில வர்றது பல நேரம் தேதி நெருங்கின சரக்குதான். வெயில்ல நிக்கிற வண்டியில பிளாஸ்டரோட பசையும் கையுறையும் சீக்கிரம் கெடும். உபரியை நிலையத்துக்குள்ள வச்சிட்டு, பழசை முதல்ல வண்டிக்கு எடுக்கச் சொல்லுங்க.