குமுளிப் பக்கம் தோட்ட முகாமில் பெரிய கேரவனோடு இரண்டு இரவு தங்க என்னென்ன கவனிக்க வேண்டும்?

9 மீட்டர் கேரவனில் கம்பம் வழியாக ஏறி, குமுளி தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் தங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். முகாம்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது கரண்ட் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்பதைத்தான்.

வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது. எர்த் இல்லாத பாயிண்டில் செருகி, உள்ளே எங்காவது ஒயர் கசிந்தால் பாடி முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைத் தொடுகிற குழந்தைக்குத்தான் அடிக்கும். அதனால் செருகுவதற்கு முன் மல்டிமீட்டர் வையுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். ஃபேஸ்-எர்த் அளவு 100, 120 என்று அலைந்தால் எர்த் சரியில்லை. செருகவே வேண்டாம், பேட்டரியில் ஓட்டுங்கள். வண்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் இருக்கட்டும்.

16 ஆம்பியர் பாயிண்ட் தாங்குவது ஏறத்தாழ 3,600 வாட். ஒன்றரை டன் ஏசியும் 2,000 வாட் கீசரும் சேர்ந்தாலே அதைத் தொட்டுவிடும். வோல்டேஜ் 190க்குக் கீழே இறங்கினால் ஏசியை நிறுத்துங்கள், கம்ப்ரசர் சூடாகிக் கருகிவிடும். 20 மீட்டர் வரை 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் போதும், அதற்கு மேல் 4. ஒயரைச் சுருளாக விட்டு லோடு கொடுக்காதீர்கள். சுருளுக்குள் சூடு தங்கி இன்சுலேஷன் உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

அடுத்தது தரை. இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், மேலே புல் பச்சையாக இருக்கும், அடியில் குழம்பாக இருக்கும். குதிகாலை அழுத்தி எடுங்கள். குழியில் தண்ணீர் ஊறினால் அந்த இடம் வேண்டாம். பின்சக்கரம் இழுக்கிற வண்டியென்றால் அவை கெட்டித் தரையில் இருக்க, முகப்பு பாதையைப் பார்க்க நிறுத்துங்கள். தாழ்ந்த பக்கம் டயருக்கு அடியில் இரண்டு அங்குலப் பலகை கொடுத்து, உள்ளே தரையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மட்டம் தவறினால் குளியல் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கட்டிலடிக்கு வரும். தென்னை, பலா மரத்தடி வேண்டவே வேண்டாம்.

தண்ணீரை மேலே போய் நிரப்புங்கள். 300 லிட்டர் என்றால் 300 கிலோவை மலையேற்றுகிறீர்கள். இறங்கும்போது ஏறின கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். சபரிமலை சீசனில் ஏறும் வண்டிகளைக் கம்பம் மெட்டு வழி திருப்பிவிடுவார்கள், நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

டாய்லெட் டேங்க் வால்வை மூடியே வைத்து முக்கால் நிரம்பிய பிறகு திறங்கள். திறந்தே விட்டால் தண்ணீர் மட்டும் ஓடி, கழிவு அடியில் இறுகிவிடும். முகாமின் செப்டிக் டேங்கில்தான் விடப்போகிறீர்கள் என்றால் ஆசிட், பினாயில் ஊற்றாதீர்கள். அவை அங்கே கழிவைச் செரிக்கிற பாக்டீரியாவைக் கொன்றுவிடும், பிறகு நாறுவது தோட்டக்காரர் வீட்டு முற்றம்.