கேமரா கேள்வி பதில்: கூரையில் பட்டு வரும் வெளிச்சம்

கேள்வி (செங்காங் வாசகி): எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நானே படம் எடுத்தேன். பிளாஷின் தலையைக் கூரைப் பக்கம் திருப்பி, டிடிஎல்லில் (லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைக் கேமராவே அளக்கும் நிலை) வைத்திருந்தேன். பல படங்கள் நன்றாக வந்தன. ஆனால் வெள்ளைச் சுவரை ஒட்டி, அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் அம்மாவோடு உட்கார்ந்திருக்கும் படங்களில் மட்டும் இருவர் முகமும் இருண்டுவிட்டன. கேமராதானே அளந்து வெளிச்சம் போடுகிறது? பிளாஷுக்குச் சக்தி போதவில்லையா? கூரை உயரத்தைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டுமா?

பதில்: கூரைக் கணக்கை விட்டுவிடுங்கள். அதைக் கேமரா ஏற்கெனவே பார்த்துவிட்டது.

நீங்கள் பொத்தானை அழுத்தியதும் பிளாஷ் ஒரு முறை அல்ல, இரண்டு முறை மின்னுகிறது. முதலில் ஒரு சின்ன முன்மின்னல். அது கூரைக்குப் போய், அங்கிருந்து அப்பா அம்மா மேல் விழுந்து, லென்ஸ் வழியாகத் திரும்பி வருகிறது. எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்த்துத்தான் அடுத்த பெரிய மின்னல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேமரா முடிவு செய்கிறது. கூரை எவ்வளவு வெளிச்சத்தை விழுங்கினாலும் அந்த நட்டம் இந்த அளவிலேயே சேர்ந்துவிடும். தலை நேராக இருக்கும்போது கேனான், நிக்கான் இரண்டும் லென்ஸ் சொல்லும் தூரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். தலையைத் திருப்பிவிட்டால் அந்தத் தூரத்துக்கு அர்த்தமில்லை என்பதால் அதை ஒதுக்கிவிடும். ஆக, கூரை வெளிச்சத்தில் கேமராவுக்கு இருக்கும் ஒரே ஆதாரம், திரும்பி வந்த வெளிச்சம்.

சிக்கலும் அங்கேதான். திரும்பி வந்தது வேட்டியிலிருந்தா முகத்திலிருந்தா என்று அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியாக நடுச்சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டே அளக்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் வெள்ளைச் சுவர் எல்லாம் சேர்ந்து நிறைய வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப, "இங்கே வெளிச்சம் ஏராளம்" என்று முடிவு செய்து பிளாஷைக் குறைத்துவிடுகிறது. வேட்டி சாம்பலாகிறது, முகம் இருண்டுபோகிறது. கறுப்பு உடை, இருட்டான பின்னணி என்றால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: பிளாஷ் கூடிப்போய் முகம் வெளிறிவிடும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டு விசேஷங்களில் மாநிற, கறுப்பு முகங்களும் வெள்ளை வேட்டியும் பட்டு ஜரிகையும் ஒரே படத்தில்தான் வரும். முகம் இருண்டு வந்தால் "அவர் நிறம் அப்படி" என்று சொல்லிவிடுகிறார்கள், அப்புறம் கணினியில் முகத்தை மட்டும் வெளுக்கிறார்கள். இரண்டும் தவறு. அப்பாவின் நிறத்தில் குறை ஒன்றுமில்லை, அளவில்தான் குறை. அதை எடுக்கும்போதே சரிசெய்யலாம், அவர் நிறம் அவர் நிறமாகவே வரும்.

அளவு ஏமாந்ததா, உண்மையிலேயே சக்தி தீர்ந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை. பிளாஷ் காம்பன்சேஷனை (பிளாஷின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வைத்து அதே படத்தை இன்னொரு முறை எடுங்கள். படம் வெளிச்சமானால் அளவு ஏமாந்திருக்கிறது, காம்பன்சேஷன் போதும். கொஞ்சமும் மாறவில்லை என்றால் பிளாஷ் ஏற்கெனவே முழுச் சக்தியில் அடித்துவிட்டது, அதற்கு மேல் கொடுக்க அதனிடம் இல்லை. அப்போது ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) கூட்டுங்கள் அல்லது அப்பர்ச்சரை (லென்ஸின் துளை) திறங்கள். நிக்கானில் முழுச் சக்தியும் போய்விட்டால் 'தயார்' விளக்கு 3 விநாடி சிமிட்டியே சொல்லிவிடும்.

உங்கள் வீட்டுக் கூரை இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்கும், அதுவும் வெள்ளை. பவுன்ஸ் செய்ய, அதாவது வெளிச்சத்தை மேலே பட்டுத் திரும்பவிட, அதைவிட நல்ல கூரை தேடினாலும் கிடைக்காது. பவுன்ஸில் இரண்டு ஸ்டாப்போ அதற்கு மேலோ (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம்) போய்விடும், அதாவது கால் பங்கு வெளிச்சமோ அதைவிடக் குறைவாகவோதான் ஆளிடம் வந்து சேரும். ஐஎஸ்ஓவை 100-லிருந்து 800-க்கு ஏற்றினால் மூன்று ஸ்டாப் திரும்பக் கிடைத்துவிடும். ஆகவே நான் வீட்டு விசேஷம் என்றால் கேமராவை 'எம்'மில் (மேனுவல்) வைத்து, ஐஎஸ்ஓ 800, அப்பர்ச்சர் எஃப் 4 அல்லது 5.6, ஷட்டர் 1/125 என்று நிறுத்திவிடுவேன். கேமரா 'எம்'மில் இருந்தால் பிளாஷும் மேனுவலாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. பிளாஷ் டிடிஎல்லில் இருக்கும்வரை தன் அளவைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆட்டோ ஐஎஸ்ஓவை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் ஒரு பக்கம் இழுக்க அது ஒரு பக்கம் இழுக்கும்.

வேட்டி சட்டைப் படங்களுக்கு +1-இல் தொடங்குங்கள். சுவரும் வெள்ளையாகப் படத்தை நிறைத்தால் +1⅔ வரை போகலாம். மாற்றவேண்டியது பிளாஷ் காம்பன்சேஷன் என்பதில் கவனமாக இருங்கள். கேனானில் சாதாரண எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பிளாஷைத் தொடாது, நிக்கானில் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே நகர்த்தும். அடுத்த படத்தில் கரும்பச்சைப் புடவை கட்டிய அத்தை வந்தால் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இன்னொன்று. பிளாஷின் தலையை நேர் மேலே நிமிர்த்தி, ஆளுக்கு மிகப் பக்கத்தில் நின்று எடுத்தால் கண்குழியில் நிழல் விழும். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, உங்கள் தோளுக்குப் பின்னால் சுவரும் கூரையும் சேரும் மூலையைப் பார்க்கவிடுங்கள். வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருவதுபோல் முன்பக்கமாக வரும், நெற்றியிலிருக்கும் விபூதியும் வெந்து போகாமல் கோடு கோடாகத் தெரியும்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகர்): புளோக்குக்குக் கீழே ஒரு கல்யாண விருந்தில் பவுன்ஸ் செய்தேன். வெளிச்சம் சரியாக இருந்தது, ஆனால் எல்லார் முகமும் இளஞ்சிவப்பு. ஏன்?

பதில்: மேலே அலங்காரத் துணி கட்டியிருந்தார்களா? அதுதான் காரணம். டிடிஎல் எவ்வளவு வெளிச்சம் என்று பார்க்குமே தவிர, என்ன நிறம் என்று பார்க்காது. துணியின் நிறம் அப்படியே முகத்துக்கு வந்துவிடும். ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமநிலை) மாற்றினால் முகம் சரியாகும், பின்னணி பச்சைக்குப் போய்விடும். புளோக்கின் கீழ்த்தளத்தில் துணி இல்லாத வெள்ளைக் கூரையோ தூணோ சுவரோ தெரியும் பக்கமாகத் தலையைத் திருப்புங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் பிளாஷின் தலையில் இழுத்து எடுக்கும் சின்ன வெள்ளை அட்டையைப் பயன்படுத்தலாம்.

கோயில் மண்டபங்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். கூரையும் உயரம், அதில் வண்ணச் சித்திரமும் இருக்கும். வெளிச்சம் போகும் வழி இரண்டு மடங்கானால் வந்து சேருவது கால் பங்கு. அங்கே கூரையை மறந்து, ஐஎஸ்ஓவைக் கூட்டி, அங்கிருக்கும் விளக்கு வெளிச்சத்திலேயே எடுப்பதுதான் என் வழக்கம். பிளாஷ் போடலாமா என்று கோயில் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சன்னிதி முன் கண்டிப்பாக வேண்டாம்.

கேள்வி (தேசிய சேவையில் இருக்கும் ஜூரோங் வாசகர்): அண்ணே, எங்கள் பாட்டி எல்லாப் படத்திலும் கண்ணை மூடிவிடுகிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி, பாட்டி முன்மின்னலுக்குக் கண் சிமிட்டுகிறார். சிலருக்கு அந்தச் சிமிட்டல் வேகமாக வந்துவிடும், பெரிய மின்னல் வரும் நேரத்தில் கண் மூடியிருக்கும். இதற்கு வழி, பிளாஷ் லாக். கேனானில் நட்சத்திரக் குறி போட்ட பொத்தான், நிக்கானில் 'எஃப்வி லாக்' என்று ஒரு பொத்தானுக்கு நீங்களே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். படத்தின் நடுவில் பாட்டி முகத்தை வைத்து அழுத்தினால் முன்மின்னல் அப்போதே போய்விடும், அளவும் பூட்டிக்கொள்ளும். பாட்டி ஒரு முறை சிமிட்டிக் கண்ணைத் திறந்ததும் நிதானமாகப் படம் எடு. முகத்தில் பார்த்துப் பூட்டியதால் பக்கத்தில் யார் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாலும் அளவு மாறாது. செங்காங் வாசகியும் இதை முயன்று பார்க்கலாம்.

கேள்வி (தெம்பனிஸ் வாசகர்): மாமா கொடுத்த பிலிம் காலத்து பிளாஷ் என் டிஜிட்டல் கேமராவில் எப்போதும் முழுச் சக்தியில்தான் அடிக்கிறது. பழுதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. 1975-இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2 தொடங்கிப் பல பிலிம் கேமராக்கள், படம் விழும்போதே பிலிமின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து பிளாஷை நிறுத்தின. டிஜிட்டல் சென்சாரின் மேற்பரப்பு பிலிம் போல வெளிச்சத்தைத் திருப்புவதில்லை. அதனால்தான் முன்மின்னல் முறைக்கு மாறினார்கள், நிக்கானில் 2003-இல் டி2எச் கேமராவோடு வந்த ஐ-டிடிஎல் அப்படிப்பட்டது. பழைய பிளாஷுக்கு அந்த மொழி புரியாது.

பிளாஷின் முகப்பில் சின்னக் கண் ஒன்றும், 'ஏ' அல்லது 'ஆட்டோ' என்ற நிலையும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது தன் கண்ணாலேயே அளந்து நிறுத்தும், தலையைக் கூரைக்குத் திருப்பினாலும் கண் ஆளைப் பார்த்தபடி இருந்தால் பவுன்ஸ் நன்றாகவே வரும். பிளாஷில் காட்டும் அப்பர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் கேமராவிலும் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வோல்ட்டை அளக்கும் முன் மறுபடி கேமராவில் மாட்டாதீர்கள். சில பழைய பிளாஷ்களின் அடிக்காலில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும், கேமராவின் உள்சுற்று கருகிவிடலாம். பெனின்சுலா பக்கம் பழைய கேமரா விற்கும் கடைகளில் கொடுத்து, எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லி, உங்கள் கேமரா எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் பார்த்த பிறகு மாட்டுங்கள்.