மறு: சம்பளப் பணத்துக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

அண்ணே, மாதாமாதம் பேங்கில் சம்பளப் பணம் எடுத்துச் செம்பனைக் காட்டு வழியாகத் தனியாக மோட்டாரில் போகிறீர்கள், யாரோ இரண்டு முறை பின்னால் வந்தார்கள், எல்லைப் பக்கம் ‘சாமான்’ வாங்கித் தருவதாக மச்சான் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம்ணே.

என் மாமாவிடம் பறித்தபோது நடந்தது இதுதான்: செம்மண் மேட்டில் கியரைக் குறைத்தார், பின்னாலிருந்து ஒரு உதை, மோட்டார் சாய்ந்தது, பையின் வார் அறுந்தது. ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்ப்பதற்குள் ஆள் இல்லை. இதில் துப்பாக்கியை எப்போது எடுப்பது? எடுத்திருந்தால் அதுவும் அவன் கைக்குத்தான் போயிருக்கும்.

1951இல் நம் மலேசியா மலாயாவாக இருந்தபோது, பிரேசர் மலை சாலையில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி ஆயுதப் போலீஸ் காவலோடுதான் போனார். மறைந்திருந்தவர்கள் முதலில் சுட்டார்கள், அவர் இறந்தார். 2009இல் வெளிவந்த, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடத்திய ஆய்வில், துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சுடப்படும் வாய்ப்பு சுமார் நாலரை மடங்கு அதிகம் என்று வந்தது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஊரும் வேறு. ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

சட்டம்? மலேசியாவின் 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி, கள்ளத்துப்பாக்கி கையில் இருந்தாலே 14 ஆண்டு வரை சிறை, பிரம்படி வேறு. மச்சானா உள்ளே போகப்போகிறார்?

சம்பளத்தைத் தொழிலாளர்களின் பேங்க் கணக்கிலேயே போடச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள். வேலைச் சட்டமும் பொதுவாக அதைத்தான் சொல்கிறது. அதுவரை காரில் இரண்டு பேராகப் போங்கள், நாளையும் நேரத்தையும் மாற்றுங்கள். அப்புறம், பின்தொடர்ந்த மோட்டாரின் நம்பர் ஞாபகம் இருந்தால் இன்றைக்கே போலீசில் ரிப்போர்ட் கொடுத்துவிடுங்கள்.