காய்கறிப் பாத்திக்கும் பந்தலுக்கும் எந்த மரம் போடலாம்? மண்ணில் விஷம் இறங்கக் கூடாது, கறையானும் அரிக்கக் கூடாது.

மதுரைப் பக்கம் என்றால் நான் முதலில் சொல்வது பனங்கைதான், அதாவது கூரைக்குப் போடுகிற பனைமரச் சட்டம். பழைய ஓட்டு வீடு இடிக்கிறவர்களிடம் சொல்லி வையுங்கள், கிடைக்கும். வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். கறுப்பு நார் நெருக்கமாக இருந்தால் வைரம் பாய்ந்தது, அதாவது முற்றிக் கெட்டியானது. வெளிறிப்போய், நகத்தால் கீறினால் உதிர்ந்தால் அது சோற்றுப்பகுதி, ஈரத்துக்குத் தாங்காது. இதற்காக நிற்கிற பனையில் கை வைக்காதீர்கள், அதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும்.

அடுத்தது சீமைக்கருவேலம். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அகற்றச் சொன்ன மரம், இன்னும் கண்மாய்க்குக் கண்மாய் நிற்கிறது! கோணல்மாணலாக இருப்பதால் நீளப் பலகை வராது. ஆனால் முதிர்ந்த கட்டையின் செம்பழுப்பு வைரத்தைக் கறையான் லேசில் தொடாது. சுற்றியிருக்கும் வெளிர்மஞ்சள் பகுதியை மட்டும் செதுக்கித் தள்ளிவிடுங்கள், பூச்சி இறங்குவது அதில்தான். வேம்பு, பூவரசுக்கும் இதே கணக்கு. மாமரப் பலகை வேண்டாம்.

சும்மா கிடைக்கிற மரத்தில்தான் வம்பு. சென்ட்ரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாமலிருக்கக் கழிவு ஆயில் பூசியிருப்பார்கள். பழைய கதவு, ஜன்னல் என்றால் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ரயில் தண்டவாளக் கட்டை கிரியோசோட் என்ற நச்சு எண்ணெயில் ஊறியது. சரக்கு அடுக்கி வருகிற பேலட் பலகையில் முத்திரையைத் தேடுங்கள்: ஹெச்.டி. (HT) என்றால் சூடேற்றியது, பரவாயில்லை, எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, வேண்டாம். முத்திரையே இல்லையா, அடுப்புக்குக்கூட வேண்டாம். பச்சைச் சாயம் ஏறிய மரத்தில் ஆர்சனிக் மருந்து ஏற்றியிருக்கலாம், அதையும் விட்டுவிடுங்கள். கறையானுக்குப் பயந்து பந்தல் காலில் கழிவு ஆயில் அடிக்கிற பழக்கம் இங்கே உண்டு. காய்கறிப் பாத்தியில் அது கூடவே கூடாது.

ஒன்று கேட்கிறேன், பாத்தியைச் சுற்றி மரச்சட்டம் அவசியமா? தரையில் போடுவதென்றால் மண் வரப்பே போதும். நம்ம ஊர் வெயிலுக்கு உயரப் பாத்தி சீக்கிரம் காய்ந்துவிடும்.

பந்தல் கால் எந்த மரமானாலும் முதலில் இற்றுப்போவது மண்மட்டத்தில்தான். ஈரமும் காற்றும் சேர்கிற இடம் அது. அதனால் குட்டையான கல்காலை ஊன்றி, மரத்தை மண் படாமல் அதோடு சேர்த்துக் கட்டுங்கள். சவுக்குக் கம்புகூட அப்படிக் கட்டினால் நாள்படத் தாங்கும்.

அவரைக்குப் பந்தல் காலே வேண்டாம். சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலையை அகத்தியில்தான் ஏற்றிவிடுகிறார்கள். அதுபோல அகத்தியை முன்கூட்டியே விதைத்துவிடுங்கள், கீரையும் ஆச்சு. நிழல் கட்டினால் கிளையைக் கழித்துவிடலாம். சுரை, பூசணியை மட்டும் அதில் ஏற்றாதீர்கள், பாரம் தாங்காது.