ஏற்றத்தில் இழுவை இழக்கும் லொறி: பம்பைக் கழற்றுமுன்

ஏறாவூரிலிருந்து பதுளைக்கு அரிசி ஏற்றிச் செல்லும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: மகா ஓயா வரை நன்றாக ஓடும் லொறி, பிபிலையைத் தாண்டி லுணுகலை ஏற்றத்தில் சுமையோடு ஏறும்போது இழுவை குறைந்து முதலாம் கியருக்கு வந்துவிடுகிறது; கரும்புகை இல்லை; பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் மீண்டும் சிறிது தூரம் இழுக்கிறது. டீசல் பில்டரை இருமுறை மாற்றியும் பயனில்லை. கராஜில் டீசல் பம்பைக் கழற்றச் சொல்கிறார்கள்; கழற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். உங்களுடையது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே டீசலை அழுத்தி அனுப்பும் பழைய வகை இன்லைன் பம்ப் என்று எழுதியிருப்பதால் அதற்கேற்பவே சொல்கிறேன். இழுவை குறைந்து கரும்புகையும் வந்தால் காற்றுப் போதவில்லை என்று எயார் கிளீனரையும் டர்போவையும் பார்க்கலாம். புகையே இல்லாமல் குறைந்தால் டீசல் போதவில்லை. தேய்ந்த பம்ப் பத்து நிமிட ஓய்வில் குணமாகாது. ஓய்வில் குணமாவது அடைப்புத்தான். டீசல் தாங்கிக்குள் கிடக்கும் ஏதோ ஒன்று, முழுச் சுமையில் டீசல் வேகமாக உறிஞ்சப்படும்போது குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொண்டு, எஞ்சின் நின்றதும் விலகிவிடுகிறது. கல்முனையில் ஒரு டிப்பரின் தாங்கியிலிருந்து நான் எடுத்தது, மூடி தொலைந்த நாளில் யாரோ அடைத்துவைத்த சொப்பிங் பையின் கிழிசல். நீங்கள் மாற்றிய பில்டர், தாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி அனுப்பும் சிறிய பீட் பம்புக்கு அப்பால் இருப்பது; அடைப்போ அதற்கு முன்னால் இருக்கிறது.

அடுத்த முறை இழுவை குறைந்ததும் ஓரமாக நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு, தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், காத்திருக்காமலே லொறி இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

சத்தம் வராவிட்டால், 20 லீற்றர் கான் ஒன்றில் சுத்தமான டீசலை நிரப்பி, கபினுக்கு வெளியே, சைலன்சருக்குத் தள்ளி இறுகக் கட்டி, பீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, உறிஞ்சும்போது சப்பிப்போகாத தடித்த ஹோஸ் ஒன்றால் கானோடு இணையுங்கள். மீதி டீசல் திரும்பும் குழாயையும் அதே கானுக்குள் விடாவிட்டால் கான் சீக்கிரம் காலியாகிவிடும். குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றி எயார் எடுத்துவிட்டு, அதே சுமையோடு அதே ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள். வெறும் லொறியைத் தட்டையான தெருவில் ஓட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

கானில் நன்றாக இழுத்தால் பம்ப் குற்றமற்றது. தாங்கியை இறக்கிக் கழுவுங்கள். உறிஞ்சு குழாயின் வலை, பீட் பம்ப் வாயிலுள்ள சிறு சல்லடை, உட்புறம் உரிந்து வால்வு போல மடியும் பழைய ரப்பர் ஹோஸ் மூன்றையும் விடாமல் பாருங்கள். அடியில் கறுப்பு வழுவழுப்புப் படிந்திருந்தால், தண்ணீர் தேங்கி அதில் கிருமி வளர்ந்திருக்கிறது என்று பொருள். தாங்கியின் வெற்றிடத்துக் காற்றிலுள்ள ஈரம் இரவில் தண்ணீராகிவிடும் என்பதால், அரைத் தாங்கியோடு இரவில் நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள்.

கானிலும் அதே கதை என்றால், முதலில் பீட் பம்பையும், எக்சிலேற்றரை முழுதாக மிதிக்கும்போது பம்பின் நெம்பு கடைசி வரை போகிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் பம்பைக் கழற்றச் சொல்லுங்கள்.