மக்காச்சோளக் கையிருப்பு வருடத்துக்கு வருடம் இப்படி ஏறி இறங்குவது ஏன்? அதை வைத்து விலையைக் கணிக்க முடியுமா?

கணிக்கலாம் என்று நம்பி 62 மூட்டை மக்காச்சோளத்தை வீட்டுக் கூடத்தில் அடுக்கி வைத்தவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன். இந்தியாவின் இருப்பு அட்டவணை எதையோ பார்த்திருக்கிறீர்கள், குறைகிற வருடத்தில் வாங்கிப் போட்டால் காசு பார்க்கலாமா என்று மனசுக்குள் ஓடுகிறது, சரிதானே? இல்லையென்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்த எண்ணை யாரும் மூட்டை மூட்டையாக எண்ணி எழுதுவதில்லை. போன வருட மீதியோடு இந்த வருட விளைச்சலையும் இறக்குமதியையும் கூட்டி, கோழி தின்றது, மாடு தின்றது, ஸ்டார்ச் ஆலைக்கும் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காய்ச்சும் ஆலைக்கும் போனது, கப்பல் ஏறியது எல்லாவற்றையும் கழித்தால் என்ன நிற்கிறதோ அதுதான் இருப்பு. அரிசி, கோதுமை மாதிரி இந்திய உணவுக் கழகம் மலையாகக் குவித்து வைக்கும் சரக்கும் இல்லை இது. வியாபாரி கிடங்கு, தீவன ஆலை, என் வீட்டுக் கூடம் என்று சிதறிக் கிடக்கும். நாட்டு விளைச்சல் இப்போது 4 கோடி டன்னை ஒட்டி வருகிறது. அந்த மதிப்பீட்டில் நூற்றுக்கு ஐந்து தப்பினாலே 20 லட்சம் டன், ஆனால் வருடக் கடைசியில் மிஞ்சுவதாகச் சொல்லும் இருப்பே சில பத்து லட்சம் டன்தான். நம்ம ஊரில்தான் இப்படி என்றும் இல்லை. சீனா தன் பழைய விளைச்சல் கணக்கைத் திருத்தியதும், 2018 நவம்பரில் அமெரிக்க வேளாண்மைத் துறை சீன இருப்பை ஒரே அறிக்கையில் ஏறத்தாழ 15 கோடி டன் கூட்டிப் போட்டது. அதற்காக அங்கே ஒரு கதிர்கூட அதிகமாக விளையவில்லை.

சரி, என் கதை. பெரம்பலூர் பக்கம் 3 ஏக்கர் மானாவாரி. 2018-ல் கர்நாடகாவில் முதலில் தென்பட்ட படைப்புழு அந்த வருடமே எங்கள் காட்டுக்கும் வந்துவிட்டது. குருத்தை விரித்தால் ஈர மரத்தூள் மாதிரி எச்சம், அதற்கு அடியில் புழு. பாதி கதிர்கூடத் தேறவில்லை. சரக்கு இல்லாததால் 2019-ல் விலை எகிறியது, விற்க என்னிடம்தான் ஒன்றும் இல்லை. அந்த எரிச்சலில், 2020 தை அறுவடை நன்றாக வந்ததும், வியாபாரி குவிண்டாலுக்கு 1,850 சொன்னபோது கொடுக்க மாட்டேன் என்றேன். வைகாசி வரை வைத்திருந்தால் 2,200 போகும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கோழி தின்றால் கொரோனா வரும் என்று எவனோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டான். கறிக்கோழி வாங்க ஆளில்லை, பண்ணைகளில் புதுக் குஞ்சு விடவில்லை, குஞ்சு இல்லாமல் தீவனம் எதற்கு? அதற்கு மேல் ஊரடங்கு. ஒரு நாள் ராத்திரி வீட்டுக்காரி எழுப்பி, "என்னங்க, மூட்டைக்குள்ள ஏதோ நறநறன்னு மெல்லுது" என்றாள். காதை வைத்துக் கேட்டேன். வண்டு. காலையில் ஒரு மூட்டையைச் சாய்த்தால் மணியோடு மாவும் சேர்ந்து கொட்டுகிறது. கடைசியில் 1,240-க்குத் தள்ளிவிட்டேன், அதிலும் வண்டு விழுந்ததென்று மூட்டைக்கு 3 கிலோ கழிவு. அரசு அறிவித்த ஆதார விலை அந்தப் பருவத்துக்கு 1,760, ஆனால் அந்த விலைக்கு எங்கள் ஊரில் எடை போட ஒருவரும் வரவில்லை.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை அடமானமாக வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கியிருக்கலாமே என்று ஒருவர் கண்டிப்பாகப் பின்னூட்டத்தில் வருவார். வாங்கியிருக்கலாம் ஐயா, தெரியும். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் வரும்படி காய்ந்திருக்க வேண்டும், காயப்போட எங்கள் ஊரில் களம் கிடையாது, தார்ச்சாலைதான். அப்படிச் சாலையில் கொட்டினால் காரை நிறுத்தி வீடியோ எடுத்து "விவசாயிகளின் அராஜகம்" என்று போடுகிறார்கள். இரவில் பைக் வழுக்கி விழுகிறவன் கோபப்படுவது நியாயம், நானே ஒருமுறை விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஊருக்கு மூன்று திருமண மண்டபம் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு உலர்களம் கட்டத் தெரியவில்லையே, அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

எங்கோ போய்விட்டேன். உங்கள் கேள்விக்கு வருகிறேன். விளைச்சல் வரிசையை மட்டும் பார்த்து இருப்பைப் படிக்காதீர்கள், நான் செய்த தப்பு அதுதான். தின்கிற பக்கம் அதைவிட வேகமாக மாறுகிறது. 2022-23-ல் 30 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்த நாடு இது. 2023-ல் எத்தனால் காய்ச்ச உணவுக் கழகம் கொடுத்துவந்த அரிசி நின்றது, டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது, ஆலைகள் மக்காச்சோளத்தின் மேல் விழுந்தன. 2024-ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்க வேண்டியதாயிற்று. விளைச்சல் ஒன்றும் அப்போது பாதியாகிவிடவில்லை.

வாங்கிப் போடலாமா என்று திரும்பவும் கேட்டால், போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? முதலில் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடையாமல் அமுங்கினால் அந்த மூட்டையைத் தொடாதீர்கள். என் 62 மூட்டையில் குறைந்தது இருபது மூட்டை அப்படி அமுங்கியவைதான்.